வட சென்னையில் கேம்ப் போடப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் சமுதாய நலப் பிரிவு என்று ஒரு மூலை இருக்கும். ஒரு மேசை, ஒரு பீரோ, பீரோ மேல் சுருட்டி வைத்த பழைய பேனர்கள். அங்கே உங்களை உட்கார வைத்து, "இந்த மாசம் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கேம்ப் போட்டுடுங்க" என்று சொல்லியிருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சில வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன், செய்யக்கூடாத தப்பெல்லாம் செய்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் முதல் கேம்ப் கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். நல்ல கூட்டம். சுகர், பிரஷர், ஈசிஜி, கண் பரிசோதனை, எல்லாம் இலவசம், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. ஒரு மாதம் கழித்து அதே தெருவில் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சுகர் ஓவராக் கீதுன்னு சீட்டு குடுத்தீங்களேப்பா, அத்த சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்கேன்." சரி அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? "எங்கப்பா போறது, கடைய யாரு பாக்குறது. சீட்டு பத்திரமாக் கீது." சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் அந்தச் சீட்டுதான் எங்கள் முதல் கேம்பின் மொத்தப் பலன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதனால் இப்போதெல்லாம் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கேம்பில் ஒருவருக்கு சுகர் 350 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாத்திரை யார் கொடுப்பார்கள், எங்கே கொடுப்பார்கள், அவர் வரவில்லையென்றால் யார் போய்க் கதவைத் தட்டுவார்கள்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு தேதி குறியுங்கள். கிடைக்காவிட்டால் கேம்ப் வேண்டாம்.

ஏரியாவை நடந்து பாருங்கள்

வெளியிலிருந்து வருகிற டாக்டர்களுக்கு வட சென்னை என்றால் ஒரே ஊர். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று மாநகராட்சி பிரித்து வைத்திருப்பது நிர்வாகத்துக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து ஊர் இருக்கிறது. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள், மீன் ஏலம் எடுத்துக் கூடையில் வைத்து விற்கிற பெண்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். புளியந்தோப்பு பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற துப்புரவுத் தொழிலாளர்கள். மண்ணடியில் உருது, சவுகார்பேட்டையில் இந்தி. மணலி, மாதவரத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரு ரூமில் எட்டு பேராகப் படுத்துத் தூங்குகிற பையன்கள். எண்ணூரில் ஒரு பக்கம் ஆறும் கடலும், இன்னொரு பக்கம் கம்பெனிப் புகை. தமிழில் மட்டும் ஒரு நோட்டீஸ் அடித்து எல்லா இடத்திலும் ஒட்டினால் பாதிப் பேருக்குச் சேதி போய்ச் சேராது.

கேம்புக்கு முன்னால் ஒரு வாரமாவது அந்தத் தெருக்களில் சும்மா நடங்கள். கோட்டு, கழுத்தில் ஐடி கார்டு எல்லாம் வேண்டாம். கவுன்சிலரைப் பார்க்கிறதெல்லாம் அப்புறம். முதலில் மெடிக்கல் ஷாப்காரரைப் பாருங்கள். யார் பிரஷர் மாத்திரையை இரண்டு இரண்டாக உடைத்து வாங்குகிறார்கள், யார் இருமலுக்கு மூன்று மாதமாக சிரப்பே குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். பெயர் கேட்காதீர்கள், அவரும் சொல்லக்கூடாது. எந்தத் தெருவில் எந்த மருந்து அதிகம் போகிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்தது அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழுத் தலைவி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். மீனவர் குப்பமாக இருந்தால் பஞ்சாயத்தாரிடம் போய் உட்கார்ந்து பேசாமல் ஒன்றும் நடக்காது. பையன்களைப் பிடிக்க பாக்ஸிங் கிளப், கேரம் கிளப், ஃபுட்பால் டீம். வியாசர்பாடியில் ஒரு ஃபுட்பால் கோச் சொன்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள், நாம் மைக் கட்டிக் கத்தினாலும் நாலு பேர் வரமாட்டார்கள்.

இதெல்லாம் புது விஷயமும் கிடையாது. ஸ்டான்லியை இன்னும் வயதானவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள், 1799-ல் கஞ்சித்தொட்டிச் சத்திரத்தை ஒட்டித் தொடங்கியதால் வந்த பெயர். சோறு போட்ட இடத்தில் வைத்தியமும் பார்த்தார்கள், ஜனங்கள் நம்பி வந்தார்கள். அப்புறம் 1956-ல் இதே சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள், சேத்துப்பட்டில் இருக்கிறதே அதுதான். காசநோய் வந்தால் சானட்டோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு, நல்ல காற்று என்று பார்த்துக்கொண்டிருந்த காலம். நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமானார்கள். 1959-ல் அந்த முடிவு வெளியான பிறகு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியமே மாறியது. ஆனால் அதற்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். அந்த எண்ணுகிற ஆள்தான் நம் கேம்புகளில் இல்லை.

எப்போது போடுவது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்பது ஆஸ்பத்திரிக்கு வசதியான நேரம். காசிமேட்டில் ஞாயிறு காலை என்பது வியாபாரத்தின் உச்சம், விடிவதற்கு முன்பே ஊரே அங்கே நிற்கும், உங்கள் பந்தலில் காக்காய்தான் உட்காரும். அங்கே ஆண்களைப் பிடிக்க நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, அதனால் "இந்த டெஸ்ட்டை வெளியில் எடுங்க" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

தினக்கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிற இடத்தில் சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை போடுங்கள். டாக்டர்கள் முனகுவார்கள், ஒரு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள். ரம்ஜான் மாதத்தில் மண்ணடி, ராயபுரம் பக்கம் பகலில் வேண்டாம். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில் எங்கேயும் வேண்டாம். நவம்பர், டிசம்பரில் புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை தெருக்களில் தண்ணீர் நிற்கும், அந்த மாதங்களில் கூரை இருக்கிற இடம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

தண்ணீர் லாரி வருகிற நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அறுபது பெண்கள் வரிசையில் இருந்தபோது தெருமுனையில் ஹார்ன் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடத்தில் பந்தலில் இருந்தது நாங்களும், ஒரு தாத்தாவும், அவர் கையில் பாதி காற்றடித்த பிபி பட்டையும்தான்.

அனுமதி, சட்டம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டலச் சுகாதார அதிகாரிக்கும் அந்த வார்டு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் கடிதம் கொடுங்கள், மைக் கட்டினால் போலீஸ் அனுமதி வாங்குங்கள். ஊசி, பஞ்சு, லான்செட் எல்லாம் திரும்ப ஆஸ்பத்திரிக்கே வரவேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகள் கேம்புக்கும் பொருந்தும், குத்தும் பொருளுக்குத் துளைக்காத வெள்ளை டப்பா கட்டாயம். குழந்தைகள் விளையாடுகிற இடம் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்கேன் மிஷினை இஷ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கிற 1994 சட்டத்தில் பதிவு இல்லாமல் அது பெரிய சிக்கல். எச்ஐவி பரிசோதனையை "எல்லாருக்கும் சேர்த்து எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் கூடாது என்று சொல்லுங்கள். தனியாக உட்கார வைத்துப் பேசி, சம்மதம் வாங்கி எடுக்க வேண்டியது அது. கட்சிக்காரர்கள் யாராவது பந்தல் செலவை ஏற்கிறேன் என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு நாற்காலி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எதிர்க்கட்சித் தெரு முழுவதும் வராது.

பந்தலுக்குள்

முதல் மேசைதான் முக்கியம், அங்கேதான் எல்லா ஆஸ்பத்திரியும் கத்துக்குட்டியை உட்கார வைக்கிறது. அந்தத் தெருவிலேயே படித்த ஒரு பெண்ணை உட்கார வையுங்கள், அன்றைக்குச் சம்பளம் கொடுத்து. இலவசமாகச் சேவை செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்காது, டாக்டர் சும்மாவா வருகிறார்?

எடுத்ததும் ஆதார் கேட்காதீர்கள், பாதிப் பேர் எதற்கோ என்று பயந்து திரும்பிவிடுவார்கள். பெயர், வயது, வேலை. விலாசம் என்று கேட்டால் ரேஷன் கார்டில் இருக்கிற பழைய விலாசத்தைச் சொல்வார்கள், அது எங்கேயோ இடித்துத் தள்ளின குடிசையாக இருக்கும். "உங்க வீட்டுக்கு நான் வரணும்னா எப்படி வரணும்?" என்று கேளுங்கள். "மாதா கோயில் தாண்டி மூணாவது சந்து, நீலக் கதவு, வாசல்ல தையல் மிஷின்" என்று வரும், அதை அப்படியே எழுதுங்கள். போன் நம்பர் இரண்டு வாங்குங்கள், பக்கத்திலேயே அது யாருடையது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் மகனுடையது, அவனோ மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவான்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், ஹவுசிங் போர்டு நாலாவது மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தவருக்கு உடனே பட்டை கட்டினால் யாருக்கும் 140-க்குக் கீழே வராது. சுகருக்கு "வெறும் வயிற்றோடு வாங்க" என்று நோட்டீஸில் போடாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மீன் எடுக்கப் போகிற அம்மாவுக்கு எது வெறும் வயிறு? எப்போது சாப்பிட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு ரேண்டம் பாருங்கள், சந்தேகம் வந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி எடுங்கள், அதற்குப் பட்டினி தேவையில்லை.

பெண்களுக்கு மறைப்புத் துணி கட்டிய தனி இடமும் பெண் டாக்டரும் இல்லாமல் கேம்ப் போடுவது வீண். அப்படி இருந்தாலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைப் பந்தலில் செய்யாதீர்கள். 30 வயது தாண்டியவர்களிடம் பேசி, ஒரு நாள் குறித்து, ஐந்தாறு பேராகச் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தனியாகப் போக மாட்டார்கள், கூட்டமாக என்றால் கிண்டலும் கேலியுமாகக் கிளம்பிவிடுவார்கள்.

ஆண்களுக்கு வாயைத் திறந்து பாருங்கள், வாய்ப் புற்றுநோயின் அறிகுறி ஏதாவது இருக்கிறதா என்று. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சுகர், பிரஷர் பார்த்துவிட்டு வாயைப் பார்க்காமல் விட்ட கேம்புகள் எவ்வளவோ. இங்கே மாவா ஓடுகிறது. சீவல், புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கின பொட்டலம், 2013-ல் குட்கா தடை வந்த பிறகும் கிடைக்கிற இடத்தில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. "மாவா போடுவியா?" என்று கேட்டால் இல்லை என்பான். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், "நாலு அண்ணா" என்று வரும். மூன்று விரலைச் செங்குத்தாகச் சேர்த்து அவன் வாயிலேயே வைக்கச் சொல்லுங்கள். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் உள்தசை இறுக ஆரம்பித்துவிட்டது. டார்ச் அடித்து கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், இதில் எது இருந்தாலும் நோட்டில் சிவப்பு மை. ஒரு டார்ச்சும் ஒரு பல் டாக்டரும் போதும், செலவே கிடையாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று சொன்னால் உடனே காசநோய் பரிசோதனைக்குச் சளி டப்பா கொடுங்கள், "நாளைக்கு வாங்க" வேண்டாம். எண்ணூர் பக்கம் இருமல், இளைப்பு கேட்டால் கூடவே கோபமும் வரும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகையும் வலையையும் கெடுத்தது, அதே மாதக் கடைசியில் நடுராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இதெல்லாம் கம்பெனியாலதானே டாக்டர்?" என்று கேட்பார்கள். மழுப்பாதீர்கள், தெரியாததை அடித்தும் சொல்லாதீர்கள். பொறுமையாகக் கேட்டு, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள், பிறகு அந்தக் காகிதம் அவர்களுக்கு உதவும்.

திருநங்கைகள் வந்தால் என்ன பெயரில் கூப்பிட வேண்டும் என்று கேட்டு அந்தப் பெயரை எழுதுங்கள். 2008-லேயே இவர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது, ஆனால் வரிசையில் யாராவது சிரித்துவிட்டால் அத்தோடு போச்சு, அடுத்த முறை வரமாட்டார்கள். எங்களிடம் ஒரு திருநங்கை பதிவு மேசையில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி சுகரைப் பற்றி இருக்காது: "படுக்கணும்னு வந்தா எந்த வார்டுல போடுவீங்க?" இதற்கு உங்கள் ஆஸ்பத்திரியில் பதில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலப் பையன்களை கான்ட்ராக்டர் மூலம் மட்டும் கூப்பிட்டால், இருமல் இருப்பவனெல்லாம் அன்றைக்கு மாயமாகிவிடுவான், வேலை போய்விடுமே என்று. ஞாயிறு சாயங்காலம் அவர்கள் காய்கறி வாங்க வருகிற இடத்துக்கு நீங்களே போங்கள். ரிசல்ட் எதுவும் கான்ட்ராக்டர் கைக்குப் போகக்கூடாது. இந்தியோ ஒடியாவோ பேசுகிற ஒருவரை அவர்களிலிருந்தே பிடியுங்கள், மாத்திரை அட்டையில் சூரியன், நிலா வரைந்து கொடுங்கள்.

கண்ணாடியை மறந்துவிட்டேனே. வலை பின்னுகிறவர்கள், இறால் உரிக்கிறவர்கள், தையல்காரர்கள், நாற்பதைத் தாண்டினால் கிட்டே இருப்பதைப் பார்க்கத் திண்டாடுவார்கள். படிக்கிற கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொல்லுங்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு எல்லோரும் தானாக வருவார்கள்.

அப்புறம் நோட்டு

கேம்ப் முடிந்த அன்று ராத்திரியே சிவப்பு மைப் பெயர்களைத் தனி நோட்டுக்கு மாற்றுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பது மேலதிகாரிக்கு, இந்த நோட்டு உங்களுக்கு. மூன்றாம் நாள் போன், பத்தாம் நாள் வீடு, ஒரு மாதத்தில் மறுபடி, மூன்று மாதத்தில் மறுபடி.

பதினைந்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவதில் பயனில்லை, பதினாறாம் நாள் நிறுத்திவிடுவார்கள். அரசாங்கத்தோடு போட்டி போடாமல் அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். அந்த வார்டில் மாத்திரை கொண்டுபோகிற பெண்ணின் போன் நம்பர் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். இட்லிக் கடை அக்காவுக்குக் கடைசியில் அப்படித்தான் கடை வாசலுக்கே மாத்திரை வந்தது. காசநோய் உறுதியானால் வைத்தியம் இலவசம், சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக பேங்க் கணக்கில் வரும். கணக்கு இல்லையென்றால் அன்றைக்கே திறக்க உதவுங்கள்.

ஆபரேஷன் வரை போகும் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. அந்தச் சான்றுக்கு அலைவதற்குள் நோயாளி சலித்துவிடுவார், உங்கள் ஆள் ஒருவர் கூடப் போகட்டும். தகவலுக்கு 104.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவரோடு முதல் நாள் கட்டாயம் ஒருவர் போகவேண்டும். காலையில் ஓபி சீட்டு வாங்கும் வரிசை, எந்த பில்டிங், எந்த மாடி, ரத்தம் எங்கே கொடுப்பது, ரிசல்ட் எங்கே வாங்குவது, இதில்தான் ஜனங்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள், நோய்க்குப் பயந்து இல்லை. ஒருமுறை வழி காட்டிவிட்டால் இரண்டாம் முறை அவர்களே பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப் போவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்கள் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு போன் போட்டான். எடுத்தது மாமியார். "உங்க மருமகளுக்கு டிபி ரிசல்ட் வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டான். அந்தப் பெண் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பிக் கூட்டி வர நாங்கள் நாலு முறை போய்ப் பேச வேண்டியிருந்தது. பத்தடி சந்தில் ஒரு வார்த்தை போதும். நோட்டையும் ஆட்டோ சீட்டில் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள்.

அன்றிலிருந்து யார் போன் எடுத்தாலும் என்ன சொல்லவேண்டும் என்று எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்: "கேம்புக்கு வந்தாங்களே அக்கா, அவங்க இருக்காங்களா? கண்ணாடி விஷயமா கூப்பிட்டேன்." சுகரா, சளியா, வாய்ப் புண்ணா, எதுவாக இருந்தாலும் எங்கள் நோட்டில் எல்லோருக்கும் கண்ணாடி விஷயம்தான்.